ஆப்பில் இணையப் படங்கள்: முதலில் அளவு, அப்புறம்தான் கேஷ்

பட்டியலைத் தள்ளும்போது ஆப் திணறுகிறது, ஒரு பொருளின் படம் இன்னொரு பொருளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் ஆப்பே மூடிக்கொள்கிறது. இப்படிப் புகார் வந்தால் உடனே கேஷின் (ஒருமுறை இறக்கிய படத்தை மறுபடி இறக்காமல் எடுத்துக்கொள்ள ஆப் சேமித்து வைக்கும் இடத்தின்) அளவைக் கூட்டிப் பார்ப்பது பலருடைய வழக்கம். அதில் பெரிதாக ஒன்றும் மாறாது, சில சமயம் நிலைமை இன்னும் மோசமாகும். எந்த அளவில் படத்தைக் கேட்கிறோம், எந்தப் பெயரில் அதைச் சேமிக்கிறோம், இந்த இரண்டையும் சரிசெய்யாமல் கேஷைத் தொட்டுப் பயனில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப்பை வைத்துக்கொள்வோம். காட்லின் மொழியில் எழுதியது, திரையைக் கட்ட ஜெட்பேக் கம்போஸ், படங்களை இறக்கிக் காட்ட காயில் என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு). இரண்டு நெடுவரிசையாகப் பொருள்களைக் காட்டும் கடைப் பக்கம், ஒன்றைத் தொட்டால் பெரிய படத்துடன் விவரப் பக்கம். அதே வேலையைச் செய்யும் கிளைடு லைப்ரரியைப் பயன்படுத்துவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஐபோனும், இரண்டு வகை ஃபோனுக்கும் ஒரே நிரலில் ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரும் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: மெமரிக் கணக்கைப் போடுங்கள்

ஃபோன் கேமராவில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000 × 3000 பிக்சல். ஜேபெக் கோப்பாக அது சில எம்பிதான் இருக்கும், அதைப் பார்த்து "சின்னப் படம்தானே" என்று நினைத்துவிடுவோம். ஆனால் திரையில் காட்ட அந்தச் சுருக்கத்தை அவிழ்த்து, ஒவ்வொரு பிக்சலையும் மெமரியில் விரித்து வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் வழக்கமான ஏஆர்ஜிபி 8888 வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஆக 4000 × 3000 × 4 = 48 எம்பி. ஒரே ஒரு படத்துக்கு! கோப்பு ஜேபெக்காக இருந்தாலும் வெப்பியாக இருந்தாலும் இந்த எண் மாறாது. கோப்பைச் சுருக்கினால் டேட்டா மிச்சமாகும், மெமரி மிச்சமாகாது.

இப்போது நம் கடைப் பக்கத்தைப் பாருங்கள். 1080 பிக்சல் அகலத் திரை, இரண்டு நெடுவரிசை, ஒரு கட்டத்துக்கு அதிகபட்சம் 540 பிக்சல். 540 × 540 × 4 என்றால் 1.2 எம்பிகூட வராது. அசல் படத்தின் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. 20 படங்களை அசல் அளவில் விரித்தால் 960 எம்பி, கட்டத்துக்கு ஏற்ற அளவில் விரித்தால் 24 எம்பிக்குள் முடிந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏனென்றால் திரையில் இருப்பதே 540 பிக்சல்தான்.

ஆண்ட்ராய்டு 8.0க்கு முன்பு, 3.0 முதல் 7.1 வரை, இந்த பிக்சல்கள் எல்லாம் ஜாவா ஹீப்பில்தான் (ஆப்புக்கு வரம்போடு ஒதுக்கும் மெமரிப் பகுதி) உட்கார்ந்தன, அதனால் அவுட் ஆஃப் மெமரி பிழை சட்டென்று வந்து நிற்கும். 8.0 முதல் அவை அந்த வரம்புக்கு வெளியே உள்ள நேட்டிவ் ஹீப்புக்குப் போய்விட்டன. பிழை வருவது குறைந்தது, ஆனால் மெமரி செலவு குறையவில்லை. ஆப் அளவுக்கு மீறித் தின்றால் சிஸ்டமே அதை மூடிவிடும், உங்கள் லாகில் (ஆப்பின் பதிவேட்டில்) அழகான பிழைச் செய்திகூடக் கிடைக்காது.

படி 2: சர்வரிடமே சரியான அளவைக் கேளுங்கள்

அசல் படத்தை இறக்கி ஆப்பில் சுருக்குவது இரண்டாவது வழி. முதல் வழி, அவ்வளவு பெரிய படத்தை இறக்காமலே இருப்பது. கிளவுடினரி, இமேஜிக்ஸ் போன்ற சேவைகள் யூஆர்எல்லிலேயே அகலத்தைச் சொன்னால் அந்த அளவில் படத்தைத் தரும். சொந்தமாக நடத்த விரும்பினால் தம்போர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. இது எதுவும் வேண்டாம் என்றால், படத்தை அப்லோடு செய்யும்போதே மூன்று நான்கு அளவுகளில் வெட்டிச் சேமித்துவிடுங்கள். பழைய முறைதான், ஆனால் நன்றாகவே வேலை செய்யும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு ஃபோனின் கட்டத்தையும் துல்லியமாக அளந்து ஒன்றில் 508, இன்னொன்றில் 523, வேறொன்றில் 532 என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டால் சிடிஎன் (கோப்புகளைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சர்வர் வலையமைப்பு) பார்வையில் ஒவ்வொன்றும் புதுக் கோப்பு, அங்கே கேஷ் என்று ஒன்று இருப்பதே வீணாகிவிடும். 200, 400, 600, 1080 என்று நான்கு அளவுகளை முடிவு செய்துகொண்டு, தேவைப்படும் அகலத்துக்கு அடுத்த பெரிய அளவைக் கேளுங்கள். 508 வேண்டுமா, 600 கேளுங்கள். மிச்சத்தை ஆப் பார்த்துக்கொள்ளும்.

அகலத்தைக் கணக்கிடும்போது டிபியையும் (திரையின் அடர்த்தியைச் சாராத ஆண்ட்ராய்டு அளவு) பிக்சலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 180 டிபி கட்டம் 3 மடங்கு அடர்த்தியுள்ள திரையில் 540 பிக்சல். 180 என்றே சர்வரிடம் கேட்டால் படம் மங்கலாக வரும், பழி வடிவமைப்பாளர் தலையில் விழும்.

கோப்பு வடிவத்துக்கு என் பரிந்துரை வெப்பி. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலே ஓடுகிறது, ஆண்ட்ராய்டில் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. ஏவிஃப் (AVIF) என்ற வடிவம் இன்னும் சிறியதாக வரும். ஆனால் அதற்கு ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 16 வேண்டும் என்பதால் பழைய ஃபோன்களுக்கு மாற்றுக் கோப்பு ஒன்றைத் தயாராக வைக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் வெப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: லோடர் ஒன்று போதும்

சொந்தமாகப் படம் ஏற்றும் கோடு (நிரல்) எழுதுவது கற்றுக்கொள்ள நல்ல பயிற்சி, வெளியிடும் ஆப்பில் வேண்டாம். ரத்து செய்வது, ஒரே படத்துக்கு வரும் பல கோரிக்கைகளை ஒன்றாக்குவது, சுழற்றிப் பதிவான படத்தை நிமிர்த்துவது என்று அதில் மறைந்திருக்கும் வேலை ஏராளம். கம்போஸில் புதிதாகத் தொடங்கினால் காயில், பழைய வியூ முறையில் ஓடும் பெரிய ஆப் என்றால் கிளைடு, என் தேர்வு இவ்வளவுதான்.

காயில் 3க்கு மாறுபவர்கள் கவனிக்க: நெட்வொர்க்கிலிருந்து இறக்கும் பகுதி இப்போது தனி ஆர்டிஃபாக்ட், அதாவது ஆப்பில் தனியாகச் சேர்க்க வேண்டிய தொகுப்பு. அதைச் சேர்க்க மறந்தால் கோடு ஒழுங்காக கம்பைல் ஆகும், ஆப் ஓடும், இணையப் படம் மட்டும் வராது.

அடுத்து, லைப்ரரியில் படங்களை இறக்கித் தரும் பகுதியான இமேஜ் லோடரை ஆப் முழுக்க ஒன்றே ஒன்றாக வையுங்கள். ஒவ்வொரு லோடருக்கும் தனி மெமரி கேஷ் (ஆப்பை மூடினால் போய்விடும்), தனி டிஸ்க் கேஷ் (ஃபோனின் சேமிப்பிடத்தில் இருக்கும்). திரைக்கு ஒன்று என்று உருவாக்கினால் கடைப் பக்கத்தில் இறக்கிய படம் விவரப் பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. அப்ளிகேஷன் கிளாஸில் ஒருமுறை உருவாக்குங்கள். மெமரி கேஷுக்கு ஆப்பின் மெமரியில் 25 சதவீதம், டிஸ்க் கேஷுக்கு சேமிப்பிடத்தில் 2 சதவீதம் என்று தொடங்கலாம். டிஸ்க் கேஷை கேஷ் டைரக்டரிக்குள் வையுங்கள், இடம் போதாதபோது சிஸ்டம் தானே அழித்துக்கொள்ளும்.

நெட்வொர்க் கோரிக்கைகளை அனுப்பும் ஓகேஹெச்டிடிபி லைப்ரரிக்கும் சொந்தமாக ஒரு டிஸ்க் கேஷ் உண்டு. காயிலின் டிஸ்க் கேஷ் இருக்கும்போது படங்களுக்கான கிளையண்ட்டில் அதையும் போட்டுவைத்தால் ஒரே படம் இரண்டு இடத்தில் உட்காரும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

படி 4: ஆப்புக்குள்ளும் அளவு சரியாக இருக்கிறதா?

600 பிக்சல் படம் வந்துவிட்டது, 508இல் காட்ட வேண்டும். லைப்ரரிகள் இதைத் தாமாகவே செய்யும், ஆனால் நாம் தடுக்காமல் இருந்தால்தான். எங்கெங்கே தடுக்கிறோம் என்று பாருங்கள்.

காயிலின் அசிங்க் இமேஜ் தனக்குக் கிடைத்த இடத்தை அளந்து அந்த அளவிலேயே டீகோட் செய்யும், அதாவது மெமரியில் விரிக்கும். ரிமெம்பர் அசிங்க் இமேஜ் பெயிண்டர் அப்படியல்ல, நீங்கள் அளவைச் சொல்லாவிட்டால் அசல் அளவையே எடுத்துவிடும். படம் ஏற்றியதும் ஏதோ அனிமேஷன் செய்ய வேண்டும் என்று யாராவது பெயிண்டருக்கு மாறியிருப்பார்கள், மெமரி அங்கேதான் கசியும். சப்கம்போஸ் அசிங்க் இமேஜையும் நீண்ட பட்டியல்களில் தவிர்த்துவிடுங்கள், அது கூடுதல் வேலை வாங்கும்.

கிளைடில் இதே மாதிரிப் பொறி ரேப் கன்டென்ட், அதாவது உள்ளே இருப்பதற்கு ஏற்ப அளவை எடுத்துக்கொள் என்ற அமைப்பு. இமேஜ் வியூவுக்கு அகலமும் உயரமும் ரேப் கன்டென்ட் என்று விட்டால், கிளைடுக்கு எந்த அளவு என்று தெரியாது, முழுத் திரை அளவை எடுத்துக்கொள்ளும். பயனரின் சின்ன முகப்படத்துக்கு முழுத் திரைப் படம்! அகலம் உயரத்தைச் சொல்லுங்கள், அல்லது ஓவர்ரைடு மூலம் அளவைக் கொடுங்கள்.

இன்னொன்று, படத்துக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். படம் வந்த பிறகு கட்டம் விரிந்தால் பட்டியல் குதிக்கும், அளவும் தப்பும். படத்தின் அகல உயர விகிதத்தை, பட்டியலைத் தரும் ஏபிஐ பதிலிலேயே சர்வர் அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சேர்க்க வேண்டியது இரண்டு எண்கள்தான், பின்தளத்துக்காரர்களிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 5: கேஷ் கீ

நடைமுறையில் அதிகம் சொதப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். லைப்ரரி ஒரு படத்தை எந்தப் பெயரில் சேமிக்கிறதோ அதுதான் கீ. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் யூஆர்எல்தான் கீயின் அடிப்படை. யூஆர்எல் மாறினால் வேறு படம், மாறாவிட்டால் அதே படம். இந்த விதி இரண்டு பக்கமும் உடையும்.

முதல் பக்கம்: படம் அதே, யூஆர்எல் மாறுகிறது. அமேசான் எஸ்3 போன்ற இடத்தில் தனிப்பட்ட படங்களை வைத்து, கையெழுத்திட்ட யூஆர்எல் (குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் செல்லும் முகவரி) கொடுப்பார்கள். அதில் நேரமும் கையெழுத்தும் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். சர்வர் ஒவ்வொரு முறை பட்டியலைத் தரும்போதும் புதிதாகக் கையெழுத்திட்டால், ஒவ்வொரு முறையும் கீ புதிது. கேஷ் நிரம்பிக்கொண்டே போகும், ஒரு படம்கூட அதிலிருந்து வராது. டேட்டா தீர்கிறது என்று பயனர் சொல்வார், நீங்கள் கேஷ் போட்டிருக்கிறோமே என்பீர்கள். காயிலில் மெமரி கேஷ் கீ, டிஸ்க் கேஷ் கீ இரண்டையும் நாமே கொடுக்கலாம். கிளைடில் கிளைடு யூஆர்எல் கிளாஸை நீட்டித்து கெட் கேஷ் கீயை மாற்றி எழுத வேண்டும்.

கீயாக எதைக் கொடுப்பது? கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடு என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அப்படியே நம்பிச் செய்யாதீர்கள். அகலம் 200 என்பதும் அகலம் 1080 என்பதும் அதே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது என்றால், இரண்டுக்கும் ஒரே கீ வந்துவிடும், விவரப் பக்கத்தில் 200 பிக்சல் படம் இழுபட்டு மங்கலாக நிற்கும். படத்தின் அடையாள எண், அதன் பதிப்பு, அகலம், இந்த மூன்றையும் சேர்த்து நீங்களே கீயைக் கட்டுவது நல்லது.

இரண்டாவது பக்கம்: யூஆர்எல் அதே, படம் மாறுகிறது. பயனர் தன் புகைப்படத்தை மாற்றுகிறார், சர்வர் அதே பெயரில் மேலெழுதுகிறது. அவருடைய ஃபோனிலும் நண்பர்கள் ஃபோனிலும் பழைய முகமே தெரிகிறது. இதற்கு கேஷையே முடக்கிவிடும் ஆட்கள் உண்டு, வேண்டாம். மாற்றிய நேரத்தையோ பதிப்பு எண்ணையோ யூஆர்எல்லில் சேருங்கள், அல்லது கீயில் சேருங்கள். கிளைடில் கீயோடு இப்படி ஒரு பதிப்பைச் சேர்ப்பதற்கென்றே சிக்னேச்சர் என்ற வசதி இருக்கிறது.

கிளைடின் மெமரி கேஷில் அகலமும் உயரமும் கீயின் பகுதி என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே முகப்படத்தை ஒரு திரையில் 96, இன்னொன்றில் 100, வேறொன்றில் 104 பிக்சலில் காட்டினால் மெமரியில் மூன்று பிரதிகள். முகப்படத்துக்கு இரண்டே அளவு என்று வடிவமைப்பாளரோடு பேசி முடிவுசெய்துவிடலாம்.

படி 6: எவ்வளவு நாள் செல்லும்?

யூஆர்எல்லில் பதிப்பு வந்துவிட்டால் இந்தக் கேள்வி எளிது. அந்த யூஆர்எல்லில் இருக்கும் படம் இனி மாறப் போவதில்லை, ஆகவே சர்வர் பதிலோடு சேர்த்து அனுப்பும் கேஷ் கன்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ் ஏஜ் 31536000, அதாவது ஒரு ஆண்டு என்றும், கூடவே இம்யூட்டபிள் (மாறாதது) என்றும் அனுப்பட்டும். பதிப்பு வைக்க முடியாத இடங்களில் ஈடேக், அதாவது படத்தின் பதிப்பைக் குறிக்க சர்வர் தரும் அடையாளம். ஆப் தன்னிடம் இருக்கும் ஈடேக்கைச் சொல்லிக் கேட்கும், மாறவில்லையென்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், படத்தை மறுபடி அனுப்பாது. டேட்டா மிச்சம்தான், ஆனால் சர்வர் வரை போய்வரும் நேரம் மிச்சமில்லை. மந்தமான இணைப்பில் அந்த நேரம்தான் உறுத்தும்.

லைப்ரரி இந்த ஹெடர்களை மதிக்கிறதா என்பது வேறு கேள்வி. கிளைடு இயல்பாக மதிக்காது, சேமித்ததைச் சேமித்தபடி தரும். காயில் 2 மதித்தது. காயில் 3 இயல்பாக மதிப்பதில்லை, வேண்டுமென்றால் அதற்கும் தனி ஆர்டிஃபாக்ட் சேர்க்க வேண்டும். பிக்காசோ என்ற இன்னொரு பட லைப்ரரி டிஸ்க் வேலையை ஓகேஹெச்டிடிபியிடமே விட்டுவிடுவதால் ஹெடர் சொன்னபடி நடக்கும். "சர்வரில் ஹெடரை மாற்றிவிட்டோம், ஆப்பில் ஒன்றும் நடக்கவில்லை" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் முன்பு இதைப் பாருங்கள்.

படி 7: ஸ்க்ரோல்

பழைய வியூ முறையின் பட்டியலான ரீசைக்ளர் வியூவில் தவறான இடத்தில் படம் வருவதற்குக் காரணம் எளிது. வியூ மறுபடி பயன்படுகிறது, பழைய கோரிக்கை தாமதமாக முடிந்து புதிய பொருளின் மேல் படத்தை ஒட்டிவிடுகிறது. கிளைடும் காயிலும் அதே இமேஜ் வியூவுக்குப் புதுக் கோரிக்கை வந்ததும் பழையதை ரத்துசெய்துவிடும். ஆனால் படம் இல்லாத பொருள் வரும்போது நாம் ஏற்றும் கோடையே தாண்டிப் போய்விடுவோம், அப்போது பழைய படம் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் கிளியர் செய்யுங்கள், அல்லது வெற்று மதிப்பையே லைப்ரரியிடம் கொடுத்து ஃபால்பேக் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் காட்ட, சராசரி நிறத்தில் ஒரு வண்ணக் கட்டமே பெரும்பாலும் போதும். ப்ளர்ஹேஷ் அழகாக இருக்கும். சுமார் 20, 30 எழுத்துகளில் மங்கலான படத்தைச் சுமந்து வரும் முறை அது, ஏபிஐ பதிலோடே வந்துவிடும். சுழலும் வட்டத்தைக் கட்டத்துக்கு ஒன்றாகப் போடாதீர்கள், திரையில் 8 வட்டங்கள் சுற்றினால் பார்க்கவே தலை சுற்றும்.

விவரப் பக்கத்துக்கு இதைவிட நல்ல வழி உண்டு. பட்டியலில் காட்டிய சின்னப் படம் ஏற்கெனவே மெமரியில் இருக்கிறது. காயிலில் பிளேஸ்ஹோல்டர் மெமரி கேஷ் கீயாக அதன் கீயைக் கொடுத்தால், பக்கம் திறந்த கணமே படம் நிற்கும், 1080 பிக்சல் படம் வந்ததும் தெளிவாகும். பயனருக்குக் காத்திருந்த உணர்வே வராது.

முன்கூட்டியே இறக்குவதில் பேராசை கூடாது. ஓகேஹெச்டிடிபி இயல்பாக, வரிசையில் போட்டு ஓட்டும் கோரிக்கைகளில் ஒரே ஹோஸ்டுக்கு ஒரே நேரத்தில் 5 மட்டுமே விடும். அடுத்து வரப்போகும் 50 படங்களை வரிசையில் நிறுத்திவிட்டால், இப்போது திரையில் தெரிய வேண்டிய படம் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும். அடுத்த ஒரு திரைக்கு உரியது போதும். மொபைல் டேட்டாவில் இருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள், இணைப்பு அளவுக்கு உட்பட்டதா என்பதை கனெக்டிவிட்டி மேனேஜரிடம் கேட்கலாம்.

படி 8: தனிப்பட்ட படங்கள்

லாக்இன் டோக்கன் கொடுத்தால்தான் படம் வரும் என்ற சர்வர் என்றால், டோக்கனை ஹெடரில் சேர்க்கும் இன்டர்செப்டரில் (ஒவ்வொரு கோரிக்கையையும் அனுப்பும் முன் திருத்தும் பகுதி) ஹோஸ்ட் பெயரைச் சரிபாருங்கள். இல்லையென்றால் வேறு யாருடைய சர்வரிலோ இருக்கும் படத்தைக் கேட்கும்போதும் உங்கள் டோக்கன் கூடவே போகும். லாக்அவுட் செய்யும்போது மெமரி கேஷ், டிஸ்க் கேஷ் இரண்டையும் அழியுங்கள். கிளைடில் மெமரியை மெயின் த்ரெட்டிலும் டிஸ்கைப் பின்னணி த்ரெட்டிலும் அழிக்க வேண்டும், மாற்றிச் செய்தால் பிழை வரும்.

ஐபோனிலும் ஃப்ளட்டரிலும்

ஐபோன் திரைகளைக் கட்டும் ஸ்விஃப்ட்யூஐயில் 2021இல் ஐஓஎஸ் 15 உடன் அசிங்க் இமேஜ் வந்தது. பெயர் காயிலுடையது போலவே இருந்தாலும் வேலை அப்படியல்ல. விரித்த படத்தை அது மெமரியில் சேமித்து வைக்காது, யூஆர்எல் செஷனின் பொதுவான கேஷை மட்டும் நம்பும். நீண்ட பட்டியலுக்கு கிங்ஃபிஷர், நியூக், எஸ்டி வெப்இமேஜ் ஆகிய லைப்ரரிகளில் ஒன்றை எடுங்கள். கிங்ஃபிஷரில் டவுன்சாம்பிளிங் இமேஜ் பிராசஸர் கொடுக்கும்போது திரையின் ஸ்கேல் ஃபேக்டரையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் படம் மங்கும். அதன் டிஸ்க் கேஷ் இயல்பாக ஒரு வாரம் வைத்திருக்கும், ஆனால் மொத்த அளவுக்கு வரம்பு கிடையாது, அதை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ஃப்ளட்டரின் இமேஜ் நெட்வொர்க் மெமரியில் மட்டுமே வைக்கும், 1000 படம் அல்லது 100 எம்பி வரை. ஆப்பை மூடித் திறந்தால் எல்லாம் மறுபடி இறங்கும். அதற்குத்தான் கேஷ்டு நெட்வொர்க் இமேஜ் பேக்கேஜ். ஆனால் அதைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அது இயல்பாக 200 கோப்புகளைத்தான் வைத்திருக்கும், 30 நாள் தொடாததை அழித்துவிடும், படத்தைச் சுருக்கவும் செய்யாது. பெரிய கடை ஆப்புக்கு 200 போதாது, சொந்தக் கேஷ் மேனேஜர் கொடுத்துக் கூட்டுங்கள். மெம் கேஷ் விட்த்தில் கட்டத்தின் அகலத்தை டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் பெருக்கிக் கொடுங்கள். அகலம், உயரம் இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பது பாதுகாப்பு, இரண்டையும் கொடுத்தால் படம் நசுங்கலாம். ரியாக்ட் நேட்டிவ் ஆட்களுக்கு எக்ஸ்போ இமேஜ், உள்ளே ஓடுவது கிளைடும் எஸ்டி வெப்இமேஜும்தான்.

படி 9: சரிபார்ப்பது

ஆப்பைத் திறந்து பட்டியலைக் கீழே வரை தள்ளுங்கள், ஆப்பை முழுக்க மூடுங்கள், ஏரோப்ளேன் மோடு போட்டுத் திறங்கள். பட்டியல் தரவை ஆப் சேமித்து வைத்திருந்தால் பார்த்த படங்கள் எல்லாம் வர வேண்டும். வராவிட்டால் டிஸ்க் கேஷ் இல்லை, அல்லது கீ மாறிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் படம் எங்கிருந்து வந்தது என்பதை லாகில் எழுதுங்கள். காயிலின் வெற்றிப் பதிலில் டேட்டா சோர்ஸ் என்று ஒன்று வரும், மெமரி கேஷா டிஸ்கா நெட்வொர்க்கா என்று அதுவே சொல்லிவிடும். பிக்காசோவில் இண்டிகேட்டரை இயக்கினால் படத்தின் மூலையிலேயே நிறம் தெரியும்: நெட்வொர்க் சிவப்பு, டிஸ்க் நீலம், மெமரி பச்சை. ஃப்ளட்டரில் டீபக் இன்வர்ட் ஓவர்சைஸ்டு இமேஜஸ் என்ற கொடியை ஏற்றினால், தேவைக்கு மேல் பெரிதாக டீகோட் ஆன படங்கள் நிறம் மாறித் தலைகீழாகத் தொங்கும். மற்ற தளங்களிலும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகும்.

சோதனைக்கு உங்கள் மேசையில் இருக்கும் விலையுயர்ந்த ஃபோன் வேண்டாம், 2 ஜிபி ரேம் உள்ள பழைய ஃபோன் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் மெமரி ப்ரொஃபைலரைத் திறந்துவைத்துப் பட்டியலை மேலும் கீழும் தள்ளுங்கள். அதில் தெரியும் மெமரி வரைபடக் கோடு ஒரு உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனால் எங்கோ அசல் அளவில் டீகோட் ஆகிறது, படி 4க்குப் போங்கள். கீழே போய் உடனே மேலே வரும்போது லாகில் நெட்வொர்க் என்று வந்தால் படி 5, டிஸ்க் என்று வந்தால் மெமரி கேஷ் நிரம்பி வழிகிறது. அப்போது மட்டும், படங்கள் சரியான அளவில்தான் இருக்கின்றன என்று உறுதியான பிறகு, அதன் அளவைக் கூட்டிப் பாருங்கள்.